தோற்கிற அணிக்கு ஸ்கோர் எழுதுவது

நம் பேஸ்பால் மைதானத்தின் பிரஸ் பாக்ஸில், வருகிற சீசனிலிருந்து என் நாற்காலியில் முறை வைத்து உட்காரப் போகிற மூவருக்கும் வணக்கம். மூவரும் தமிழர்கள் என்பதை நிர்வாகம் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நானாகச் சொல்லவும் இல்லை. ஸ்கோரர் வேலைக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டியவர்கள் அவர்கள். அதைப் படமெடுத்து எடிசன் முதல் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரை இருக்கிற எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போட்டது மட்டும்தான் நான்.

விதிப் புத்தகத்தைப் பயிற்சியில் கரைத்துக் குடித்துவிட்டீர்கள். அதில் இல்லாத சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்குத் தமிழ் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், வாசிக்க மட்டும் சுத்தமாக வராது. அவருடைய அம்மாவிடம் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பிடிக்காத வரிகளை அம்மா விழுங்கிவிடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஒருவன் பந்தை அடிக்கிறான், ஓடுகிறான், அவுட்டாகாமல் முதல் மூலையை, அதாவது முதல் பேஸைத் தொட்டுவிடுகிறான். நன்றாக அடித்ததால் தொட்டானா, பிடிக்க வேண்டியவன் கோட்டை விட்டதால் தொட்டானா? நன்றாக அடித்திருந்தால் ஹிட். இவன் கோட்டை விட்டிருந்தால் எர்ரர். கிரிக்கெட்டில் ஒருவன் கேட்சை விட்டால் திட்டுவோம், பிறகு மறந்துவிடுவோம். பேஸ்பாலில் அதை அவன் பேரில் எழுதி, பெரிய போர்டில் விளக்குப் போட்டு ஊருக்கே காட்டுகிறார்கள். காட்டலாமா வேண்டாமா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

விதி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: சாதாரண முயற்சியில் அந்தப் பந்தைப் பிடித்து ஆளை அவுட்டாக்கியிருக்க முடியுமா? இந்த ‘சாதாரண முயற்சி’ இருக்கிறதே, அதற்கு அர்த்தம் தேடித்தான் என் தலை நரைத்தது. பிள்ளை வளர்த்து நரைத்தது என்று என் மகன் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பாதீர்கள்.

அவனால்தான் நான் இதில் விழுந்தேன் என்பது உண்மை. கணவருக்கு வேலை பார்க்கிற விசா, எனக்கு வீட்டில் உட்காரும் விசா. மகனைச் சிறுவர்கள் பேஸ்பால் ஆடுகிற லிட்டில் லீக்கில் சேர்த்தோம். முதல் நாளே கோச் வந்து, ஸ்கோர் எழுத ஒரு பெற்றோர் வேண்டும் என்றார். மற்ற அம்மாக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் அப்போது தெரியாது, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் மகன் ரோபோ செய்யப் போகிறேன் என்று மட்டையைக் கீழே போட்டான். நான் பென்சிலைக் கீழே போடவில்லை. பள்ளி, கல்லூரி என்று எழுதிக்கொண்டே போய், கிரீன் கார்டு வந்த பிறகு நம் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வேர்க்கடலைத் தோலை என் தயிர் சாத டப்பாவின் மூடியில் போடுகிற பழக்கம் உள்ளவர். அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “மைக்கில் ஹிட் என்று சொல், அல்லது எர்ரர் என்று சொல். காரணம் சொல்லாதே. காரணம் சொன்னால் பேரம் பேச வந்துவிடுவார்கள்.” வீட்டில்கூட இது வேலை செய்கிறது.

முதல் சீசனில் நான் சறுக்கிய இடம் வேறு. இது நம்மவர்களுக்கே உரிய சறுக்கல் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரோட்டில் நான் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும்போது, பாஸாக இரண்டு மார்க் குறைகிறது என்றால் தாளை முதலிலிருந்து புரட்டுவேன். எங்காவது ஒரு ஸ்டெப் சரியாக இருக்கும். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று போடுவேன். போடாத டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதே கையோடு இங்கே வந்து உட்கார்ந்தேன். நம் அணிப் பையன் ஒருவன் பல நாட்களாக ஒரு ஹிட்டும் கிடைக்காமல் துவண்டு கிடந்தான். ஒரு நாள் சோம்பலாக ஒரு பந்தைத் தட்டிவிட்டான். எதிரணிக்காரன் அதைக் கையிலிருந்து நழுவவிட்டான். எந்தக் குழந்தையும் எர்ரர் என்று சொல்லும். நான் பாவம் பார்த்து ஹிட் என்று போட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணி பிட்சர், அன்று அவனுக்குப் பந்து போட்டவன், மாடி ஏறி வந்தான். தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, காலில் சாக்ஸ் மட்டும். மரியாதையாகத்தான் கேட்டான். “மேடம், அவன்மேல் உங்களுக்கு இரக்கம் வந்தது, தப்பில்லை. அதை ஏன் என் பேரில் எழுதினீர்கள்?”

எனக்குச் சுரீரென்றது. விடைத்தாளில் நான் போட்ட இரண்டு மார்க்கை வேறு எந்தப் பிள்ளையின் தாளிலிருந்தும் எடுத்ததில்லை. இங்கே ஒருவனுக்கு ஹிட் கொடுத்தால் அது பந்து போட்டவன் கணக்கில் ஏறுகிறது. ஒரு நாளைக்குள் மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அப்போதே உட்கார்ந்து மாற்றினேன். அதற்குப் பிறகு இரக்கம் வரும்போதெல்லாம், இது யார் பேரில் எழுதப்படப் போகிறது என்று கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

இனி அந்தத் தோற்ற சீசனுக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

நம் அணி எந்தப் பெரிய லீக்கோடும் ஒட்டாதது. இங்கே ஆடுபவர்கள் பெரிய அணிகள் கைவிட்டவர்கள், அல்லது பெரிய அணிகளின் கண்ணில் இன்னும் படாதவர்கள். யாராவது ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவனும் பஸ்ஸில் தூங்கி, பர்கரைத் தின்று, ஆடிக்கொண்டிருக்கிறான். அந்த வருடம் ‘இது நம் வருடம்’ என்று வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். ஜூலை மாதக் காற்றில் அது பாதி கிழிந்து ‘இது நம்’ என்பதோடு நின்றது. யாரும் சரிசெய்யவில்லை. தோற்காத விதமே பாக்கியில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது மழை வந்து ஆட்டம் நின்று போகும், மறுநாள் வெயிலில் தொடர்ந்து தோற்பார்கள். ரக்கூன் வேஷம் போட்டுக் குழந்தைகளுக்கு ஆடிக் காட்டுகிற ஆள்கூட ஆகஸ்டில் வேலையை விட்டுவிட்டார். வேஷத்துக்குள்ளே யார் என்று ஒருவருக்கும் தெரியாதபோதும் அவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

ஜெயிக்கிற அணியில் ஸ்கோரரை யாரும் சீண்ட மாட்டார்கள். ஹிட்டோ எர்ரரோ, ஜெயித்தாயிற்று என்று பியர் குடிக்கப் போய்விடுவார்கள். தோற்கிற அணியில் ஒவ்வொருவனுக்கும் மிச்சம் அவனவன் நம்பர்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். அந்த வருடம் என் மேஜை போன் அடித்ததுபோல் எந்த வருடமும் அடித்ததில்லை. ஆட்டத்தை நடத்துகிற மேனேஜர், வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டிலிருந்து கூப்பிடுவார், கோச் கூப்பிடுவார், ஒரு தடவை ஒரு வீரனின் மாமியார் கூப்பிட்டார். நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

அந்த அணியில்தான் நவீன் இருந்தான். ஈஸ்ட் பிரன்ஸ்விக் பையன், இடது கைப் பிட்சர். அப்பா சுந்தரம் மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். அம்மா மாலதி. கரூர்ப் பக்கம். பையன் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் பந்து போட்டுக்கொண்டிருந்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் ஓர் உடன்பாடு. அந்த சீசன் முடிவதற்குள் ஏதாவது பெரிய அணி கூப்பிட்டால் அவன் வழி அவனுக்கு. கூப்பிடாவிட்டால் பந்தைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருகிற பாட்லக். கொல்லைப்புறத்தில் நான் தட்டை எடுத்துக்கொண்டு நிற்கும்போது சுந்தரம் பக்கத்தில் வந்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணுமுங்க.”

“சொல்லுங்க சுந்தரம்.”

“நவீன் உங்க மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். டீம் தோத்துட்டே இருக்குது, ஏஜ் ஏறிட்டே போகுது. போதும் கண்ணு, அப்ளை பண்ணுன்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நான் ரைத்தாவைத் தேடுவதுபோல் உள்ளே போனேன். அங்கே மாலதி மைக்ரோவேவில் வடையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். அதுக்கு நேர் ஆப்போசிட்டா நான் சொல்றேன்னு வெச்சுக்கோங்க. என் பையன் நல்லா ஆடினா நல்லா எழுதுங்க.”

“மாலதி, நான் பந்தைத்தான் எழுதறேன். உன் பையனையும் எழுதல, உன் வீட்டுக்காரரையும் எழுதல.”

“அதான் அக்கா, பந்தை நல்லா எழுதுங்க” என்று தட்டில் இரண்டு வடை வைத்தாள். சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. அதை லஞ்சக் கணக்கில் சேர்ப்பதா என்று விதிப் புத்தகத்தில் இல்லை.

கடைசி சொந்த மைதான ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நவீன் பந்து போடுகிறான் என்று தெரிந்து தமிழ்ச் சங்கத்தில் மொத்தமாக டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்கள். நம் பிரஸ் பாக்ஸுக்கு நேர் கீழே அவர்கள் பகுதி. இன்னொரு செய்தியும் பரவியிருந்தது. ஒரு பெரிய அணியின் ஆள் வந்திருக்கிறார், நல்ல ஆட்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியோடு அடிக்கிறவன் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று. சுந்தரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எதற்காகக் கடிக்கிறார் என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்திருக்காது.

நவீன் அன்றைக்குப் போட்ட பந்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நான்கு இன்னிங்ஸ் போயிற்று, ஒரு ஹிட்டும் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு, ஒரு ஹிட்டும் இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் இப்படிப் போனால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பேர். ஒரு பிட்சரின் பெயரைக் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் போய்விடும் என்பது இவர்கள் நம்பிக்கை. கண்ணு பட்டுரும் என்று வளர்ந்த நம் கூட்டத்துக்கு இதை யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மாலதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிக்கல் ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் வந்தது. அந்த நேரத்தில் மைதானம் முழுக்க எழுந்து நின்று, சோம்பல் முறித்து, பாட்டுப் பாடுவது அமெரிக்கர்களின் வழக்கம். நம்மவர்களின் வழக்கம் தெரியுமே, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. கிரிக்கெட் பார்க்கும்போது பாத்ரூமுக்குப் போன சித்தப்பாவை இன்றும் திட்டுகிற குடும்பங்கள் உண்டு. மைதானமே எழுந்து நின்றது, தமிழ்ப் பகுதி மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து வரிசை அமெரிக்கர்கள் இவர்களை முறைத்தார்கள், இவர்கள் அவர்களை முறைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே பையனுக்காகத்தான் முறைத்துக்கொண்டார்கள் என்பதை மேலிருந்து பார்த்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முத்துசாமி அங்கிள் மட்டும் எழுந்தார். பெரிய கப்பில் லெமனேட் குடித்தவர், வேறு வழியில்லை. “அங்கிள், உக்காருங்க!” என்று பின்னாலிருந்து நான்கு குரல். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

எட்டாவது இன்னிங்ஸ். நம் அணி ஒரு ரன் முன்னால். இரண்டு பேர் அவுட். அடுத்தவன் தரையோடு தரையாக ஒரு பந்தை வேகமாக அடித்தான். அது மூன்றாம் பேஸுக்கு, ரிக்கியிடம் போனது.

ரிக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன், பெரிய மீசை. அந்த சீசனில் அணியில் அதிக எர்ரர் அவன் பேரில்தான். அவனிடம் பந்து போனாலே கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அன்று பந்து புல்லும் மண்ணும் சேருகிற விளிம்பில் பட்டு எகிறி, அவன் நெஞ்சில் மோதியது. தேடி எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தான். ஓடினவன் அரை அடி முன்னால் பேஸைத் தொட்டுவிட்டான்.

ஹிட்டா, எர்ரரா? எர்ரர் என்றால் நவீனின் நோ-ஹிட்டர் உயிரோடு இருக்கும். ஹிட் என்றால் அது அங்கேயே முடிந்தது.

மைதானத்தில் எல்லாத் தலைகளும் திரும்பி மேலே என்னைப் பார்த்தன. போர்டை இயக்குகிற டேனி இரண்டு பட்டன்களுக்கு மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, “ஆண்ட்டி?” என்றான். பின்னால் அணி நிர்வாகத்தின் ஜெனரல் மேனேஜர் வந்து நின்றார். வருடம் முழுக்கத் தோற்ற அணிக்குச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு நல்ல நாள் கிடைக்கிற சமயம், அவர் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. மேஜை போன் அடித்தது. மேனேஜர். எடுக்கவில்லை. கேமராவில் ஓட விட்டுப் பார்த்தேன். இருக்கிற ஒரே கேமராவுக்கு ரிக்கியின் முதுகுதான் தெரிந்தது.

பயம் வந்தது, மறைக்க மாட்டேன். எர்ரர் என்று போட்டால், அந்தம்மா தங்கள் ஊர்ப் பையனுக்குப் போட்டாள் என்பார்கள். மாலதியின் வடை நினைவுக்கு வந்தது. சரி, ஹிட் என்று போட்டால்? அவன் அப்பா சொல்லி வைத்தார், அதனால் பையனை வேலைக்கு அனுப்பக் கழுத்தை அறுத்தாள் என்பார்கள். எதைப் போட்டாலும் ஒரு வீட்டுக்குச் சகாயம் செய்ததாகத்தான் ஆகும். இரண்டு பக்கமும் கெட்ட பேர் உறுதி என்று தெரிந்ததும், நம்ப மாட்டீர்கள், மனசு லேசாகிவிட்டது. நல்ல பேர் வாங்க வழியே இல்லை என்றால் பந்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பந்தைப் பார்த்தபோதுதான் நான் ரிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. ஏற்கெனவே அழுக்கான சட்டையில் இன்னொரு கறை தெரியவா போகிறது என்று கை தானாக எர்ரர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் பேரை எடுத்துவிட்டு, லீக்கிலேயே நல்ல மூன்றாம் பேஸ்காரன் அங்கே நின்றதாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பந்து அவன் நெஞ்சில் மோதியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அட, அவனாலேயே முடியவில்லை என்று சொல்லியிருப்பேன்.

மைக்கை எடுத்தேன். “ஹிட்.”

டேனி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தினான். பாதி மைதானம் ஊளையிட்டது. தமிழ்ப் பகுதி முழுசாக ஊளையிட்டது. ஜெனரல் மேனேஜர் வெளியே போனார். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

அடுத்த பேட்டர் நவீனின் முதல் பந்தையே வேலிக்கு வெளியே அனுப்பினான். இரண்டு ரன். நம் அணி பதிலுக்கு ஒன்றும் எடுக்காமல் தோற்றது. அந்த வருடம் அப்படித்தான்.

அந்த ஹோம் ரனோடு நோ-ஹிட்டர் எப்படியும் போயிருக்கும், நான் எர்ரர் என்று சொல்லியிருந்தாலும் போயிருக்கும் என்று நான் கணக்கு டீச்சராக விளக்கிப் பார்த்தேன். பார்க்கிங்கில் மாலதி கேட்கவில்லை.

“நீங்க ஹிட்டுன்னு போட்டதாலதான் அக்கா அவன் மனசு ஒடைஞ்சு போச்சு. மனசு ஒடைஞ்சுதான் அந்தப் பந்தைப் போட்டான். இல்லாட்டி போட்டிருக்கவே மாட்டான்.”

கொஞ்ச தூரத்தில் முத்துசாமி அங்கிள் எல்லோரிடமும் தன் பங்கை ஒப்புக்கொண்டிருந்தார். “என்னாலதான்ப்பா, நான் எந்திரிச்சிருக்கக் கூடாது, அந்த லெமனேடை வாங்கியே இருக்கக் கூடாது” என்று. அவரை மன்னித்துவிட்டார்கள், என்னை மன்னிக்கவில்லை. சுந்தரம் மட்டும் காரைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புத்தான் எனக்கு ஊளையைவிட அதிகமாக வலித்தது. நான் அவருக்காகச் செய்ததாகவே அவர் நினைத்துவிட்டார்.

பையை எடுக்க மறுபடி மேலே போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நவீன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தலைமுடி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன்.

“இட் வாஸ் எ ஹிட், ஆண்ட்டி” என்றான். “டோன்ட் வொரி. ஐ நியூ இட்.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அடுத்த சில சீசன்களை ஓட்டினேன். ஊரே திட்டினாலும் பந்து போட்டவனே சொல்லிவிட்டான் என்று. எத்தனை பயிற்சியில் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பெரிய அணியிலிருந்து போன் வரவில்லை. பிற்பாடு டேனி சொல்லித்தான் தெரிந்தது. வேகம் அளக்கும் கருவியோடு வந்த அந்த மனிதர் ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததுமே டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நெரிசல் சேர்வதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாராம். நாங்கள் அத்தனை பேரும் அடித்துக்கொண்ட அந்தப் பந்தை, அதைப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் பார்க்கவே இல்லை. ரிக்கி ஊருக்குப் போய் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோச் ஆகிவிட்டான். நவீன் உடன்பாட்டை மதித்து ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டா வேலையில் சேர்ந்தான்.

போன மாதம் உங்கள் மூவருக்கும் நான் ஒரு சோதனை வைத்தேன். சத்தம் இல்லாமல் சின்னச் சின்ன வீடியோக்கள், எந்த அணி, எந்த வருடம் என்று சொல்லாமல். ஹிட்டா எர்ரரா என்று எழுதச் சொன்னேன். அதில் ஒன்று அந்த எட்டாவது இன்னிங்ஸ் பந்து. வேண்டுமென்றுதான் சேர்த்தேன், கொஞ்சம் குறும்புதான். உங்களில் இருவர் ஹிட் என்று எழுதினீர்கள். மூன்றாமவர் எர்ரர் என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார். அந்த மூன்றாமவர்தான் அந்தப் பந்தைப் போட்டவர்.

எல்லோரும் போன பிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் கண்ணு, எர்ரரா இது?”

“ஆர்டினரி எஃபர்ட், ஆண்ட்டி. ரிக்கி கெட்ஸ் தட் பால்.”

“அன்னிக்கு ஹிட்டுன்னு சொன்னியே நவீன்! மாடி ஏறி வந்து சொன்னியே!”

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். “யூ வேர் அபவுட் டு க்ரை, ஆண்ட்டி. பாவமா இருந்துச்சு.”

கடைசி இரண்டு சொற்களை மட்டும் தமிழில் சொன்னான்.

இத்தனை வருடமும் நான் நிமிர்ந்து நடந்தது ஒரு கிரேஸ் மார்க்கில். அந்த மார்க்கைப் போட்டவன் இவன். யார் பேரில் எழுதினான் என்று பார்த்தால் தன் பேரிலேயே எழுதியிருக்கிறான். தன் நோ-ஹிட்டரை நான் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து ஹிட் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறான். கார் வரைக்கும் நடப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போய் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு தடவை அவன் சொல்வது சரியோ என்றுகூடத் தோன்றியது. மறுபடி போட்டுப் பார்த்தேன்.

முதல் ஆட்டத்துக்கு நவீனைத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறேன். என் முகத்துக்கு நேரே எர்ரர் என்று சொல்லிவிட்டான் அல்லவா, இனி எந்த மேனேஜர் போன் பண்ணினாலும் சமாளித்துக்கொள்வான். மற்ற இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும். தயிர் சாத டப்பாவின் மூடியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாலதி, இந்தக் கடைசி வரியை விழுங்காமல், நன்றாகச் சத்தமாக அவனுக்கு வாசித்துக் காட்டு: அது ஹிட்டுதான் கண்ணு.